மலிவாக வாங்கிய பழைய சிறிய கார்: அறிகுறியைக் கொண்டு கோளாறைக் கண்டறியும் வழிமுறை

குறைந்த விலைக்கு வாங்கிய பழைய சிறிய காரை நம்பலாமா என்று கேட்டால், அதை வைத்திருப்பவர்கள் தரும் விடைகள் ஒன்றுக்கொன்று முரணாகவே இருக்கும். ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஏறக்குறைய ஒரே ஓட்டம் கொண்ட இரண்டு கார்களில் ஒன்று ஆண்டுக்கணக்கில் உழைக்கும்; மற்றொன்று மாதம் ஒருமுறை பட்டறையில் நிற்கும். அந்த இரண்டாவது காரின் பழுதுச் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தால், கெட்டுப்போன பாகங்களைவிடக் கெட்டுப்போகாத பாகங்களே அதிகம் மாற்றப்பட்டிருப்பது தெரியவரும். என் காரும் முதல் ஆண்டில் அப்படித்தான் இருந்தது. சூடானதும் நின்றுபோகும் கோளாறுக்காக ஃப்யூல் ஃபில்டர், ஸ்பார்க் பிளக்குகள், கடைசியில் ஃப்யூல் பம்பு வரை மாற்றிய பிறகுதான், கட்டைவிரல் பருமனே உள்ள ஒரு சென்சார் காரணம் என்று தெரிந்தது. கோளாறு எப்போது வருகிறது என்பதை முதலிலேயே சரியாகக் கவனித்திருந்தால், அந்தச் செலவில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

ஆகவே, எந்தக் கோளாறானாலும் பட்டறைக்குப் போகுமுன் சிலவற்றைக் காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா. கார் நின்றிருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா. சத்தமோ அதிர்வோ காரின் வேகத்தோடு ஏறுகிறதா, எஞ்சினின் சுழற்சியோடு ஏறுகிறதா. கிளட்ச், பிரேக், ஸ்டீயரிங் ஆகியவற்றுள் எதைத் தொட்டால் அது மாறுகிறது. இவற்றுக்கு விடை கிடைத்தாலே சந்தேகத்துக்குரிய பாகங்கள் இருபதிலிருந்து மூன்றாகக் குறைந்துவிடும். கீழே உள்ளவை பெட்ரோல் எஞ்சினும், கையால் மாற்றும் கியரும், முன்சக்கர இயக்கமும் கொண்ட சாதாரணச் சிறிய கார்களுக்கானவை.

சாவியைத் திருப்பினால் கார் கிளம்பவில்லை

சாவியைத் திருப்பும்போது என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ‘டக டக டக’ என்று விரைவாகத் தட்டும் சத்தம் கேட்டு, டாஷ்போர்டு விளக்குகளும் மங்கினால், பேட்டரியில் மின்னூட்டம் போதவில்லை அல்லது அதன் முனைகளில் இணைப்பு சரியில்லை. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, விளக்குகள் மங்காமல் இருந்தால், செல்ஃப் மோட்டாரையோ அதற்குச் செல்லும் வயரையோ சந்தேகிக்கலாம். எந்தச் சத்தமும் இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), சாவிப் பூட்டின் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிளட்ச்சை மிதித்தால்தான் கிளம்பும் கார்களில் பெடலுக்கு மேலே உள்ள சிறிய சுவிட்ச்சையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் அது முற்றிலும் வேறு கோளாறு. அதைப் பிறகு பார்க்கலாம்.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பேட்டரியைப் பற்றிய யூகங்களுக்கு வேலையே இல்லை. கார் சில மணி நேரம் ஓய்வாக நின்ற பிறகு பேட்டரி முனைகளில் அளந்தால், முழுமையாக மின்னேறிய பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி அளவு. 12க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரி வலுவிழந்திருக்கிறது அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கிறது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம். கணினியால் மின்னூட்டத்தைக் கட்டுப்படுத்தும் சில கார்களில் இந்த அளவு சற்று ஏறி இறங்கும். அதைக் கோளாறாகக் கருதிவிடக் கூடாது.

பேட்டரி நல்ல நிலையில் இருந்தும் செல்ஃப் தளர்வாகச் சுற்றினால், பழைய கார்களில் நான் முதலில் பார்ப்பது, பேட்டரியின் எதிர்முனையை (−) எஞ்சினோடு இணைக்கும் எர்த் வயரைத்தான். பேட்டரியின் எதிர்முனையில் மீட்டரின் ஒரு முனையையும், எஞ்சினின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் மற்றொரு முனையையும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அப்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், இடையில் எங்கோ துருவோ தளர்வோ இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்கினால் முடிந்துபோகும் இந்தக் கோளாறுக்காகப் புது பேட்டரியும் புது செல்ஃப் மோட்டாரும் வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர் இருக்கிறார்கள்.

இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தால் மட்டும் பேட்டரி இறங்கிவிடுகிறது என்றால், கார் அணைந்த பிறகும் ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சுகிறது. எதிர்முனை வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியர் அளவீட்டில் இணைத்து, எல்லாக் கணினிகளும் உறங்கும் வரை அரைமணி நேரம் காத்திருந்து பார்த்தால், 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இணைந்திருக்கும்போது தவறியும் செல்ஃப் அடித்துவிடக் கூடாது. மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். அளவு மிகுதியாக இருந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்க்க, எதை உருவியதும் அளவு சட்டென்று இறங்குகிறதோ அந்த மின்சுற்றில்தான் குற்றவாளி இருக்கிறது. பழைய கார்களில் அது பெரும்பாலும் முந்தைய உரிமையாளர் பொருத்திய மியூசிக் சிஸ்டமாகவோ அலாரமாகவோதான் இருக்கும்.

எஞ்சின் சுற்றியும் பற்றிக்கொள்ளாதபோது, முதலில் டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ விட்டுவிட்டு ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒளிர்ந்தால் கார் அந்தச் சாவியை அடையாளம் காணவில்லை. வேறு சாவியால் முயல வேண்டும். அடுத்து, செல்ஃப் அடிக்காமல் சாவியை ‘ஆன்’ நிலையில் மட்டும் வைத்து, பின் இருக்கைப் பக்கமிருந்து இரண்டு நொடி ‘ம்ம்ம்’ என்ற ஓசை வருகிறதா என்று கேட்க வேண்டும். அது ஃப்யூல் பம்பின் ஓசை. அது கேட்கவில்லையென்றால் பம்பை வாங்க ஓடாமல், அதன் ஃப்யூஸையும் ரிலேயையும் முதலில் சோதிக்க வேண்டும். பல கார்களில் ஹார்ன் ரிலேயும் பம்பு ரிலேயும் ஒரே வகையாக இருப்பதால், இடம் மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறியதும் கிளம்புகிறது

என் காரில் இருந்தது இதுதான். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் எஞ்சின் அணைந்துவிடும். அரைமணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் ஆறிவிடுவதால், அங்கே எதையும் கண்டுபிடிக்க முடிவதில்லை. எஞ்சினின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் வெப்பத்தில் தொடர்பை இழந்து, குளிர்ந்ததும் மீண்டும் சேர்ந்துகொள்வது இதற்கு மிகவும் பொதுவான காரணம். கார் நின்றுபோன அந்த நேரத்திலேயே செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் சோதனை: எஞ்சின் சுற்றும்போது சுழற்சிமானியின் முள் சிறிதும் அசையாமல் கிடந்தால், பெரும்பாலான கார்களில் அது கிராங்க் சென்சாரையே சுட்டும். முள் அசைந்தும் கிளம்பவில்லையென்றால், சூடானதும் சுற்ற மறுக்கும் ஃப்யூல் பம்பையோ, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலையோ அடுத்ததாகச் சந்தேகிக்கலாம்.

வெப்பமானியின் முள் மேலேறுகிறது

இந்த ஓர் அறிகுறியில் மட்டும் ‘வீடு வரை ஓட்டிப் பார்ப்போம்’ என்ற எண்ணம் கூடவே கூடாது. முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் திறந்துவிட்டு, பாதுகாப்பான இடம் கண்டதும் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. மூடிய அமைப்புக்குள் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் இருப்பதால் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடியைத் திறந்த கணமே அது கொதித்து முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் ஆறிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி, முள் எங்கே ஏறியது என்பது. நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டால் பெரும்பாலான சிறிய கார்களில் ஃபேன் சுற்ற வேண்டும். ஏசிக்குச் சுற்றி, வெப்பத்துக்குச் சுற்றாவிட்டால் வெப்பச் சென்சாரோ சுவிட்ச்சோ கெட்டிருக்கிறது. இரண்டுக்கும் சுற்றாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, கடைசியாக ஃபேன் மோட்டார். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

மாறாக, நகரத்துக்குள் சரியாக இருந்து, நெடுஞ்சாலையிலோ ஏற்றத்திலோ முள் ஏறினால், ஃபேனைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. அந்த வேகத்தில் எதிர்க்காற்றே போதும். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) குறைந்திருப்பது, ரேடியேட்டர் உள்ளே அடைத்திருப்பது, எஞ்சின் சூடானதும் நீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் முழுமையாகத் திறக்காமலிருப்பது, வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருப்பது ஆகியவற்றுள் ஒன்றாக இருக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதித்துக்கொண்டிருக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் நீரோட்டம் தடைப்பட்டிருக்கிறது. தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது: கழற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் நூலில் தொங்கவிட்டால் ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்க வேண்டும், சரியான அளவு அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவதைப் பலரும் தீர்வாகச் சொல்வதுண்டு. அப்படி ஓட்டினால் எஞ்சின் ஒருபோதும் முழு வெப்பத்துக்கு வராமல் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும். ஆயிலும் விரைவில் கெடும்.

கூலன்ட் அடிக்கடி குறைந்தும் தரையில் ஒரு சொட்டுக்கூடக் காணவில்லையென்றால், எஞ்சினின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் மீது கண் போவது இயல்பு. ஆனால் அந்தத் தீர்ப்பு அவசரத்தில் வழங்கக் கூடாதது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய்போல் படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது. குறுகிய தூரமே ஓடும் கார்களில் நீராவி ஆயிலோடு கலந்து அப்படிப் படிவது சாதாரணம். ஆயில் அளவுக்கோலிலும் அதே நிறம் தெரிவது, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகுவது, கூலன்ட் தொட்டியில் இடைவிடாமல் குமிழிகள் எழுவது ஆகியவை வலுவான சான்றுகள். பட்டறையில் கூலன்ட் தொட்டியின் வாயில் நீலநிறத் திரவம் கொண்ட குழாயை வைத்துச் செய்யும் சோதனை இருக்கிறது. எஞ்சின் புகை கூலன்ட்டில் கலந்திருந்தால் அந்தத் திரவம் மஞ்சளாக மாறும். எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்குமுன் இந்தச் சோதனையை வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது, எஞ்சின் விளக்கு எரிகிறது

எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம். அது விட்டுவிட்டு மின்னினால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகிறது (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை), எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டு அழிக்கிறது என்பது அதன் பொருள். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி இணைப்பு (காரின் கணினி பதிந்த கோளாறு எண்களைப் படிக்க உதவும் துளை), இன்று பயன்படுத்திய கார் சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது. புளூடூத் மூலம் கைபேசியோடு சேரும் சிறு ஸ்கேனர் ஒன்று இருந்தால் கோளாறு எண்ணை வீட்டிலேயே படித்துவிடலாம்.

அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். எண் கோளாறைச் சொல்கிறதே தவிர, மாற்ற வேண்டிய பாகத்தைச் சொல்வதில்லை. பி 0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அவ்வளவுதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள எஞ்சினாக இருந்தால், இரண்டாவது காயிலை மூன்றாவதோடு இடம் மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். எண் பி 0303 ஆக மாறினால் காயில்தான் காரணம். மாறாவிட்டால் அதேபோல் ஸ்பார்க் பிளக்கை இடம் மாற்ற வேண்டும். அதற்கும் மாறாவிட்டால் இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும் மீதமிருக்கும். காயிலை உருவும்போது அந்தக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் டாப்பெட் கவர் கேஸ்கெட் கசிகிறது. அதை மாற்றாமல் போடும் புதுக் காயிலும் சில மாதங்களில் போய்விடும்.

பி 0171 என்பது எரிபொருளுக்கு மிஞ்சிக் காற்று உள்ளே வருவதைக் குறிக்கும். ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சென்சார் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவை, அதாவது கணினி எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதைப் பார்க்கலாம்: ஐட்லிங்கில் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, எஞ்சினை 2,500 சுழற்சிக்கு உயர்த்தியதும் இயல்புக்குத் திரும்பினால், ரப்பர் ஹோஸ் ஒன்று வெடித்தோ கழன்றோ காற்றை உறிஞ்சுகிறது. ‘உஸ்’ என்ற ஓசையைக் காதால் பின்தொடர்ந்தே பல நேரங்களில் அதைக் கண்டுபிடித்துவிடலாம். எண் எதுவும் பதிவாகாமல் ஐட்லிங் மட்டும் தள்ளாடினால், த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும். அதற்குரிய கிளீனரால் துடைத்தால் போதும். சில கார்களில் அதன் பிறகு ஐட்லிங்கை ஸ்கேனர் வழியாக மறுபடி பழக்க வேண்டியிருக்கும். எஞ்சின் சீராக ஓடியும் இருக்கையும் ஸ்டீயரிங்கும் நடுங்கினால், எஞ்சின் மவுண்ட்டின் ரப்பர் தொய்ந்துவிட்டது.

ஆயில் குறைகிறது

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும். அது அளவைக் காட்டும் விளக்கு அன்று, அழுத்தம் போய்விட்டதைச் சொல்லும் விளக்கு. குறையும் வேகத்தை அறிய, சமதளத்தில் நிறுத்தி, காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன் அளவுக்கோலைப் பார்த்து, 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை குறித்துவர வேண்டும். இரவு நின்று காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப்புகை வந்து அடங்கினால் வால்வு சீல்கள் கெட்டிப்பட்டிருக்கின்றன. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஓட்டும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் நம்புவதற்கு முன், எஞ்சினின் உட்புகையை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வகைகளில் உள்ளே கலகலவென்று ஆட வேண்டும். அது அடைத்துக்கொண்டாலே ஆயில் எரியவும், சீல்களின் வழியே கசியவும் செய்யும். 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறையும் பழைய எஞ்சினைப் பிரிப்பது, என் கருத்தில், வீண் செலவு. டிக்கியில் ஒரு லிட்டர் ஆயிலை வைத்துக்கொண்டு ஓட்டுவதே மேல்.

கிளட்ச்

நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்த, எஞ்சின் இரைந்தும் வேகம் கூடவில்லையென்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. பெடலை மிதித்தால் இரைச்சல் எழுந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் இரைச்சல் அடங்கினால் கியர்பாக்ஸின் பேரிங். ரிவர்ஸ் கியர் மட்டும் உரசிக்கொண்டு விழுவது, கேபிள் தளர்ந்ததாலோ ஹைட்ராலிக் அமைப்பில் காற்று புகுந்ததாலோ இருக்கலாம். கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் இவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

அடியிலிருந்து வரும் சத்தங்கள், பிரேக்

சிறு மேடுபள்ளங்களில் மட்டும் ‘கடகட’ என்று கேட்டால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்; விலை குறைந்ததும், எளிதில் மாற்றக்கூடியதும் அதுதான். ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்வதற்கு முன் இதைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பும்போது ‘டிக் டிக்’ என்று சக்கரச் சுழற்சியோடு கேட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி மூட்டு தேய்ந்திருக்கிறது. சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருந்தால் அதன் ரப்பர் பூட் கிழிந்துவிட்டது. சத்தம் வருமுன் பூட்டை மட்டும் மாற்றியிருந்தால் மூட்டு பிழைத்திருக்கும். வேகத்தோடு கூடும் ரீங்காரம் வீல் பேரிங்கினுடையது. இடப்பக்கம் வளையும்போது அது உரத்தால் எடையைத் தாங்கும் வலப்பக்க பேரிங்கையும், வலப்பக்கம் வளையும்போது உரத்தால் இடப்பக்க பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். சீரற்றுத் தேய்ந்த டயரும் இதே ஓசையைத் தரும் என்பதால், முன்பின் டயர்களை இடம் மாற்றிப் பார்ப்பது முதல் சோதனை. அப்போதே டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படித்துவிடலாம்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்சிங்; பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லை. ஓடிய பிறகு ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அனலாகக் கொதித்தால், பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிபர் சிக்கிக்கொண்டிருக்கிறது. மைலேஜ் குறைவுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பிரேக் பெடலை மிதித்துக்கொண்டே இருக்கையில் அது மெல்லக் கீழிறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. அந்தக் காரை அதற்குமேல் ஓட்டவே கூடாது.

அறிகுறி காட்டாத ஒன்று: டைமிங் பெல்ட்

மேலே சொன்னவை எல்லாம் ஏதோ ஒரு வகையில் முன்கூட்டியே தெரிவிப்பவை. பிஸ்டன்களோடு வால்வுகளை இசைந்து இயங்கச் செய்யும் டைமிங் பெல்ட் அப்படியன்று. பெரும்பாலும் அறுகின்ற வரை அமைதியாகவே இருக்கும். பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். கையேட்டில் கிலோமீட்டர், ஆண்டு என இரண்டு கெடுக்கள் இருக்கும். எது முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. குறைவாக ஓடிய பழைய காரை ‘ஓட்டமே இல்லை’ என்று மகிழ்ந்து வாங்குபவர்கள் மறந்துபோவது இந்த ஆண்டுக் கணக்கைத்தான். மாற்றியதற்கான சீட்டு கைக்கு வராவிட்டால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அதே பெல்ட்டால் சுற்றும் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஏனெனில் கூலியின் பெரும்பகுதி பிரிப்பதற்கே போகிறது.

பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் உள்ள எஞ்சின்களுக்கு இந்தக் கெடு இல்லை. ஆனாலும் அவை முற்றிலும் கவலையற்றவை அல்ல. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் இரண்டு மூன்று நொடிகள் சங்கிலி உலோகத்தில் உரசுவதுபோல் சலசலத்து அடங்கினால், டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் வந்து சேரத் தாமதமாகிறது அல்லது செயின் நீண்டுவிட்டது. முதலில் ஆயிலின் அளவையும், அது கையேட்டில் சொன்ன வகைதானா என்பதையும் பார்த்து, ஃபில்டரோடு மாற்றிவிட்டு மறுநாள் காலை மீண்டும் கேட்க வேண்டும். சத்தம் தொடர்ந்து, ஸ்கேனரில் பி 0016 (கிராங்க்கும் வால்வுகளை இயக்கும் கேம் தண்டும் ஒத்துப்போகவில்லை) என்ற எண்ணும் பதிவானால், கவரைத் திறந்து செயினைப் பார்க்கும் நாளை அதற்குமேல் தள்ளிப்போட முடியாது.